பணிவிடுவிப்பு ஆணை தராமல் இழுத்தடிக்கும் கல்லூரியிலிருந்து விலகுவது எப்படி

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் மின்னியல் துறையில் ஆறு ஆண்டுகள் உதவிப் பேராசிரியராக இருந்தேன். 2025 ஏப்ரல் 30 அன்று விலகல் கடிதம் கொடுத்தேன். மூன்று மாத முன்னறிவிப்பு. ஜூலை 31 கடைசி நாள். பணிவிடுவிப்பு ஆணையும் (ரிலீவிங் ஆர்டர்) அசல் சான்றிதழ்களும் என் கைக்கு வந்த நாள் அக்டோபர் 24, தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை. இடையில் ஓடிய பன்னிரண்டு வாரங்களில் நான் கற்றதையும் முன்பே தெரிந்திருந்தால் செய்திருக்கக்கூடியதையும் எழுதிவைக்கிறேன். நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் கடிதம். எங்கள் கல்லூரியில் எல்லோரும் ஒரே வாசகத்தைத்தான் எழுதுவார்கள்: "எனது ராஜினாமாவைப் பரிசீலித்து என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." நானும் அப்படித்தான் எழுதி, அச்செடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டேன். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவரிடம் காட்டியபோது, "இது விலகல் கடிதம் இல்லையம்மா, லீவு லெட்டர்" என்றார். பரிசீலிக்கச் சொன்னால் பரிசீலித்துக்கொண்டே இருப்பார்கள். விடுவிக்கக் கேட்டால் விடுவிக்க மறுப்பார்கள். விலகல் என்பது வேண்டுகோள் அல்ல, அறிவிப்பு. அவர் திருத்திக் கொடுத்தது இது:

"எனது பணி நியமன ஆணையின் 9-ஆம் நிபந்தனைப்படி மூன்று மாத முன்னறிவிப்பு தந்து, உதவிப் பேராசிரியர் பணியிலிருந்து விலகுகிறேன். இந்த அறிவிப்பு இன்று, 30.04.2025 முதல் தொடங்குகிறது. எனது கடைசிப் பணிநாள் 31.07.2025. அன்றைய தினம் பணிவிடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ், தங்கள் பாதுகாப்பில் உள்ள அசல் சான்றிதழ்கள் நான்கு (விவரம் இணைப்பில்), நிலுவை ஊதியம் ஆகியவற்றை வழங்கவும். பொறுப்புகளை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

அவ்வளவுதான். காரணம் எழுத வேண்டியதில்லை. நான் முதலில் எழுதிய நகலில் மாமியாரின் உடல்நிலை, மகளின் பள்ளி, பேருந்துப் பயணம் என்று முக்கால் பக்கம் இருந்தது. காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு ஒரு தீர்வு சொல்லி உட்காரவைப்பார்கள். "பஸ்தானே பிரச்சினை, கல்லூரி வண்டியை உங்கள் தெரு வழியாக விடச் சொல்கிறேன்" என்று தாளாளரே சொல்லக்கூடும். ஒரு சக ஆசிரியருக்கு அப்படித்தான் சொன்னார். வண்டி வரவில்லை, அவர் மேலும் இரண்டு ஆண்டுகள் இருந்தார்.

கடிதத்தை முதல்வர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. இரண்டு நகல் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் உள்வரவு எண்ணும் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். எனக்கு முத்திரை போட மறுத்தார்கள். "சார் பார்க்காமல் சீல் வைக்க முடியாது" என்றார் எழுத்தர். வாதம் செய்யவில்லை. அன்று மாலையே அந்தக் கடிதத்தை ஸ்கேன் செய்து முதல்வருக்கும் தாளாளருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் மே தினம் விடுமுறை என்பதால் 2-ஆம் தேதி ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். பிறகு எல்லாவற்றையும் காப்பாற்றியது அந்த அட்டைதான். 2025-இன் பிற்பகுதியிலிருந்து பதிவுத் தபால் என்பது தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அஞ்சலகத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு வசதியோடு அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள்.

மின்னஞ்சலைக் கல்லூரி தந்த முகவரியிலிருந்து மட்டும் அனுப்பாதீர்கள். கடைசி நாளன்று மதியமே என் கணக்கை மூடிவிட்டார்கள். சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போயிருந்ததால் தப்பித்தேன். சம்பளச் சீட்டுகள், நியமன ஆணை, ஊதிய உயர்வு ஆணைகள், வருமான வரிக்கான படிவம் 16 எல்லாவற்றையும் கடிதம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக் கணினியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது விலகுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். பருவத்தின் நடுவில் போனால் மாணவர்களுக்கும் நல்லதல்ல, நம் வாதத்துக்கும் நல்லதல்ல. நான் இரட்டைப்படைப் பருவ (ஈவன் செமஸ்டர்) வகுப்புகள் முடிந்த பிறகு கடிதம் கொடுத்தேன். அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் எல்லாம் ஏற்றியாகிவிட்டன. "பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டுப் போகிறீர்களே" என்ற ஆயுதம் அவர்கள் கையில் இல்லை.

அப்படியும் ஏன் இழுத்தடிக்கிறார்கள்? கோபத்தால் மட்டுமல்ல. இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆய்வுக் குழு வரும் நாளில் தலைகள் குறையக் கூடாது. 2024-இல் ஒரே ஆசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்த பிறகு, பெயர்ப் பட்டியல் விஷயத்தில் எல்லாக் கல்லூரிகளுக்கும் நடுக்கம் வந்துவிட்டது. எனவே இருப்பவரை விடாமல் பிடித்துக்கொள்வதே அவர்களுக்கு எளிது. ஜூன் மாதம் கேட்டபோது "கவுன்சலிங் முடியட்டும்" என்றார்கள். ஜூலையில் "நாக் குழு வந்து போகட்டும்" என்றார்கள், கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் குழு அது. அந்தக் குழு எப்போது வரும் என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. இந்த வாய்தா ஒவ்வொன்றையும் அன்றன்றே மின்னஞ்சலாக மாற்றினேன்: "இன்று காலை 11 மணிக்குத் தாங்கள் வாய்மொழியாகக் கூறியபடி… எனது கடைசி நாளில் மாற்றமில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." ஒன்றுக்கும் பதில் வரவில்லை. வராததும் ஒரு சான்றுதான்.

நோ டியூஸ் படிவம்

நம் பெயரில் நிலுவை எதுவும் இல்லை என்று ஒவ்வொரு பிரிவும் கையெழுத்திடும் படிவம் இது. எங்கள் கல்லூரியில் அதில் 14 கட்டங்கள். நூலகம், மூன்று ஆய்வகங்கள், தேர்வுப் பிரிவு, விடுதி, உணவகம், போக்குவரத்து, வேலைவாய்ப்புப் பிரிவு, பண்டகசாலை, கூட்டுறவுச் சங்கம், உடற்கல்வி, கணக்குப் பிரிவு, கடைசியாகத் துறைத்தலைவர். பதினான்கு கட்டமும் நிரம்பினால்தான் முதல்வர் பார்ப்பார். ஒருவர் விடுப்பில் இருப்பார், ஒருவர் கூட்டத்தில் இருப்பார், ஒருவர் "மற்றவர்கள் போடட்டும், நான் கடைசியில் போடுகிறேன்" என்பார். இப்படிக் கடைசியில் போடுகிறேன் என்று சொன்னவர்கள் மட்டும் ஐந்து பேர். உடற்கல்வி இயக்குநர் பத்து நாள் அலையவிட்டார். ஆறு ஆண்டுகளில் நான் அவரிடம் ஓர் இறகுப்பந்துகூட வாங்கியதில்லை.

இதில் நான் செய்த தவறு, படிவத்தைக் கடைசி வாரத்தில் எடுத்தது. மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். கையெழுத்து மறுக்கப்படும் இடத்தில் நிற்காமல் அந்தப் பிரிவுக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: "என் பெயரில் நிலுவை ஏதேனும் இருந்தால் ஏழு வேலை நாட்களுக்குள் விவரத்தோடு தெரிவிக்கவும், இல்லையெனில் நிலுவை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்." இது ஒரு கையெழுத்துக்குச் சமம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பின்னாளில் "நீங்கள்தான் நோ டியூஸ் முடிக்கவில்லை" என்று சொல்ல வழியில்லாமல் போகும்.

ஆய்வகப் பொறுப்பில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மின் இயந்திர ஆய்வகத்தின் இருப்புப் பதிவேடு என் பெயரில் இருந்தது. ஜூலை நடுவில் திடீரென்று ஒரு கிளாம்ப் மீட்டரைக் காணவில்லை என்றார்கள். நல்லவேளையாக, ஆய்வக உதவியாளர் அண்ணன் அதே மீட்டர் 2023-இல் பழுதுக்குப் போன சீட்டைத் தேடி எடுத்தார். அன்றே உட்கார்ந்து பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்தேன். ஒவ்வொரு பொருளையும் எண்ணி, ஒப்படைப்புப் பட்டியல் இரண்டு படி தயாரித்து, பொறுப்பேற்றவரிடம் கையெழுத்து வாங்கினேன். சாவி, அடையாள அட்டை, மடிக்கணினி இவற்றுக்கும் தனித்தனி ரசீது வாங்குங்கள். எவரேனும் "நம்பிக்கை இல்லையா மேடம்?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டுங்கள்.

கடைசி நாள்

ஜூலை 31 வியாழக்கிழமை. ஆணை வரவில்லை. மாலை நாலரைக்கு முதல்வர் அறை முன்னால் உட்கார்ந்திருந்தேன். "நாளைக்கும் வாருங்கள், பேசலாம்" என்றார். அந்த நாளைக்குப் போயிருந்தால் இன்றுவரை போய்க்கொண்டிருப்பேன். நம்மில் பலரும் நம்பிக்கொண்டிருப்பதுபோல், ஆணை வந்தால்தான் வேலை முடிகிறது என்பதில்லை. தனியார் வேலையில், ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் காலம் முடிந்தால் வேலை முடிந்தது. விருப்பமில்லாத ஒருவரை வேலை செய்தே ஆகவேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. முன்னறிவிப்பில் குறை இருந்தால் அந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கேட்கலாம், அவ்வளவே. அரசு ஊழியர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் விலகல் ஏற்கப்பட வேண்டும்.

ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் மட்டும் இங்கே கொஞ்சம் நிதானிக்கவும். "பாண்டு எல்லாம் செல்லாது" என்று ஓய்வறையில் எல்லோரும் சொல்வார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் பத்திரத்தில் என்ன தொகை, எத்தனை ஆண்டு, அவர்கள் உங்களுக்குச் செய்த செலவு என்ன என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்று எனது பணி முடிந்தது, இன்னின்ன பொருட்களை இன்னாரிடம் ஒப்படைத்தேன், பணிவிடுவிப்பு ஆணை தரப்படவில்லை, நாளை முதல் நான் வரமாட்டேன். ஒப்படைப்புப் பட்டியலையும் இணைத்தேன். வருகைப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்தைப் படம் எடுத்திருந்தேன், அதையும் சேர்த்தேன். சொல்லாமல் நின்றுவிட்டால் "பணியைக் கைவிட்டார்" என்று எழுதிவிட முடியும். சொல்லிவிட்டு நின்றால் முடியாது.

புதிய இடத்தில் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள், அதுவும் சேருவதற்கு முன்பே. ஆகஸ்ட் 1 அன்று ஈரோட்டில் ஒரு கல்லூரியில் சேர வேண்டும். ஜூலை 25-ஆம் தேதியே அங்கே போய், விலகல் கடிதம், ஒப்புகை அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வைப்பு நிதிப் பாஸ்புக் ஆகியவற்றைக் காட்டினேன். 60 நாளில் ஆணையைக் கொண்டுவந்து தருகிறேன் என்று உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள். அறுபது நாள் போதவில்லை; இன்னொரு முப்பது நாள் கேட்டேன், கொடுத்தார்கள். ஒரே சிக்கல், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் தளத்தில் என் பெயர் பழைய கல்லூரியிலேயே நின்றது. அவர்கள் விடுவிக்காமல் இவர்கள் சேர்க்க முடியவில்லை.

அசல் சான்றிதழ்கள்

எல்லாவற்றையும்விட வயிற்றைக் கலக்கியது இதுதான். சேரும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.இ., எம்.இ. நான்கையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருக்கிறது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதை ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இரண்டும் தெரிந்துதான் வாங்குகிறார்கள். புதிதாகச் சேருபவர்கள், கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், பட்டியலிட்டு ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். எனக்கு ரசீது இருந்தது. சேர்ந்த நாளில் அலுவலகத்தில் இருந்த ஓர் அக்கா, யாரும் கேட்காமலே எழுதிக் கொடுத்தார். அவர் கை வாழ்க.

ஆகஸ்ட் 4 அன்று ரசீது நகலோடு முதல் நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் தாளாளருக்கு இரண்டாவது கடிதம் அனுப்பி, நகல்களை அண்ணா பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் அனுப்பினேன். அந்தக் கடிதத்தில் கோபமான ஒரு சொல்லும் இல்லை, தேதிகள் மட்டும்தான். இதற்கும் அசையவில்லை. என் தோழி ஒருவர் இதே நிலையில் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினார், உதவி ஆய்வாளர் ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்ததும் மறுநாள் சான்றிதழ் வந்தது. நான் அதைக் கடைசி வழியாக வைத்திருந்தேன்.

எனக்குப் பலித்தது தகவல் உரிமை மனுவில் ஒட்டிய பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. தனியார் கல்லூரியிடம் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்க முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். செப்டம்பர் 15 அன்று பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்விகள் அனுப்பினேன்: இந்தக் கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இன்று உள்ளதா? உள்ளதெனில் எந்தத் தேதி வரை பணியில் இருப்பதாகப் பதிவாகியுள்ளது? நான் அனுப்பிய கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன? முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வருவதற்கு முன்பே பலன் வந்தது. பல்கலைக்கழகம் விவரம் கேட்டுக் கல்லூரிக்கு எழுதியிருக்கிறது. அக்டோபர் இரண்டாம் வாரம், அதுவரை என் அழைப்பை எடுக்காத அலுவலக மேலாளர், தானே அழைத்து, "ஏன் மேடம் இவ்வளவு தூரம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

வழக்கறிஞர் அறிவிப்பு வரை போக வேண்டியிருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொழிலாளர் அலுவலரிடம் சமரசத்துக்குப் போகலாமே என்று பலர் சொன்னார்கள். ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டதால் அந்த வாசல் எங்களுக்குத் திறக்காது. ஆலை, நிறுவனங்களில் இருப்பவர்களுக்குத் திறக்கும்.

பணம்

என் ஜூலைச் சம்பளத்தை நோ டியூஸைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். ஆணையோடு சேர்த்துத்தான் வந்தது. நிறுவனங்களில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 17-ஆம் பிரிவு, தானாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைத் தந்துவிட வேண்டும் என்கிறது. "45 நாள் ஆகும், அது எங்கள் வழக்கம்" என்று மனிதவளப் பிரிவில் சொன்னால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டபோது கணக்கு அலுவலர், "அது ஆசிரியர்களுக்குக் கிடையாது" என்றார். உண்டு. 2009-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்குப் பொருந்தும் என்றானது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நான் விலகியபோது இருந்த கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, முடித்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். எனக்கு அது 24,000, ஆறு ஆண்டு, 83,077 ரூபாய். கணக்கையும் தீர்ப்பு விவரத்தையும் எழுதி விண்ணப்பம் அனுப்பினேன். 30 நாளில் தர வேண்டியதை நவம்பர் நடுவில் தந்தார்கள். தாமதத்துக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டி, ஆயிரத்து எழுநூறு சொச்சம், கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

வைப்பு நிதிக்கு அவர்களை நம்பியிருக்கத் தேவையே இல்லை. பணிவிலகிய தேதியை அவர்கள் ஏற்றாவிட்டால், கடைசிப் பங்களிப்பு மாதம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, உறுப்பினர் தளத்தில் நாமே ஏற்றலாம். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இருந்தால் போதும். நான் அக்டோபரில் ஏற்றினேன். தேதியை நன்றாகப் பார்த்துப் போடுங்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு. அதற்குப் பிறகுதான் பழைய கணக்கில் உள்ள பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்ற முடியும்.

ஆணை வாங்கப் போகும் நாளில், எதையும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். எனக்கு நீட்டிய தாளில், "எனக்குச் சேரவேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமைகோரலும் இல்லை" என்று இருந்தது. அன்று பணிக்கொடை வரவில்லை. "பணிக்கொடை நீங்கலாக" என்று பேனாவால் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் முகம் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். ஆணையில் கடைசிப் பணிநாள் 31.07.2025 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முதலில் 24.10.2025 என்று அடித்திருந்தார்கள். அதை அப்படியே வாங்கியிருந்தால் மூன்று மாதம் இரண்டு கல்லூரிகளில் வேலை செய்தவளாகியிருப்பேன். திருத்தி அடித்துத் தரும்வரை ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏ.ஐ.சி.டி.இ. தளத்திலிருந்து பெயரை நீக்குவதையும் அந்த நேரத்தில் கணினிப் பிரிவுத் தம்பியை என் கண் முன்னாலேயே செய்யவைத்தேன்.

சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணை ரசீதோடு ஒப்பிட்டு, மடிப்பு, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். என் நான்கும் இருந்தன. எம்.இ. பட்டத்தின் மூலையில் கிளிப்பின் துருக்கறை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் பின்னால் யாரோ பென்சிலில் அலமாரி எண் எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மகளின் பென்சில் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த ரப்பரால் முதலில் அதை அழித்தேன்.